ஊர் ஊராய் ஒரு துயர நாயகன்: ஐரா ஆல்ட்ரிட்ஜை எப்படி மதிப்பிடுவது?

ஐரா ஆல்ட்ரிட்ஜைப் பற்றி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் 1833 ஏப்ரல் மாதத்தில் வந்து நிற்கிறார்கள். லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் ஒதெல்லோ வேடம். ஏப்ரல் 10, ஏப்ரல் 12 என்று இரண்டே இரவுகள். அதற்குப் பிறகு அந்த மேடை அவருக்கு இல்லை. நியூயார்க்கில் பிறந்த 25 வயதுக் கறுப்பின நடிகர், ஆங்கில நாடகத்தின் தலைமை அரங்கு ஒன்றில் ஷேக்ஸ்பியரின் பெருவேடத்தைத் தாங்கினார். பத்திரிகைகள் சில அவரைத் துரத்தின. அவர் ஐரோப்பாவுக்குப் போய்ப் பதக்கங்களோடு திரும்பினார். கதை இப்படித்தான் சொல்லப்படுகிறது. சொல்வதற்கும் கேட்பதற்கும் எளிதாகவும் இருக்கிறது.

ஆனால் அந்த மனிதர் மேடையில் இருந்தது 42 ஆண்டுகள். 1825இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் ராயல்டி அரங்கில் தொடங்கி, 1867இல் போலந்தின் உட்ஜ் நகரில் அடுத்த நாடகத்துக்குக் காத்திருந்தபோது இறக்கும்வரை, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய்க்கொண்டே இருந்தார். இரண்டு இரவுகளை நடுவில் வைத்து 42 ஆண்டுகளை அளப்பது சரியா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. சரியில்லை என்பது என் முடிவு. அந்த இரண்டு இரவுகளின் அநியாயத்தை மறுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அநியாயத்தை மட்டும் நினைவில் வைத்திருந்தால் நடிகர் மறைந்துபோகிறார். அதுதான் என் கவலை.

ஆல்ட்ரிட்ஜ் 1807 ஜூலை 24இல் நியூயார்க்கில் பிறந்தார். தந்தை டேனியல் வைக்கோல் விற்றுப் பிழைத்தவர், மதப் பிரசங்கமும் செய்தவர். அடிமை முறையை எதிர்த்த சங்கத்தினர் கறுப்பினப் பிள்ளைகளுக்காக நடத்திய ஆப்பிரிக்க இலவசப் பள்ளியில் ஐரா படித்தார். அந்த மாநிலத்தில் அடிமை முறை முழுதாக ஒழிந்தது 1827இல்தான். அதாவது அவர் பள்ளிக்குப் போன தெருக்களில் அடிமைகளும் நடந்தார்கள். 1821இல் வில்லியம் பிரவுன் என்ற, கப்பலில் பணியாளராக இருந்து ஓய்வுபெற்ற கறுப்பினத்தவர் அந்த நகரில் ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினார். நடிகர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர். மூன்றாம் ரிச்சர்ட் நாடகத்தோடு தொடங்கிய அந்தக் குழுவின் முன்னணி நடிகர் ஜேம்ஸ் ஹியூலெட். கலகக்காரர்கள் புகுந்து நாடகத்தைக் குலைத்தார்கள், காவலர்கள் வந்து நடிகர்களைப் பிடித்துப் போனார்கள், கொட்டகை இடம் மாறிக்கொண்டே இருந்தது. சில ஆண்டுகளில் அது இல்லாமலே போனது. அங்கே மேடை ஏறிய பையன்களில் ஐராவும் ஒருவர். கறுப்பின நடிகருக்கு அமெரிக்காவில் எதிர்காலம் கிடையாது என்பதை அந்தக் கொட்டகையின் கதியே அவருக்குச் சொல்லியிருக்கும். 1824இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அப்போது 17 வயது.

இங்கிலாந்தில் அவருக்கு முன்னால் இருந்த சுவர் வேறு வகையானது. வசனம் பேசி நடிக்கும் முழு நாடகங்களை நடத்தும் உரிமை லண்டனில் அரச உரிமம் பெற்ற ட்ரூரி லேன், கோவன்ட் கார்டன் அரங்குகளுக்கே இருந்தது. கோடையில் மட்டும் ஹேமார்க்கெட்டுக்கும் உண்டு. இந்த ஏகபோகம் 1843இல் சட்டம் மாறும்வரை நீடித்தது. மற்ற அரங்குகள் பாட்டையும் இசையையும் சேர்த்து, மெலோடிராமா என்ற பெயரில் காலம் தள்ளின. தேம்ஸுக்குத் தெற்கே இருந்த ராயல் கோபர்க் அவற்றில் ஒன்று. பிற்காலத்தில் ஓல்ட் விக் என்று புகழ்பெற்றதும் அதே கட்டடம்தான். 1825 அக்டோபரில் ஆல்ட்ரிட்ஜ் அங்கே சூரினாம் அடிமைகளின் கலகத்தைப் பற்றிய நாடகத்தில் ஒரூனோக்கோவாக நடித்தார். அவருடைய உதடுகளின் அமைப்பால் ஆங்கிலத்தைச் சரியாக உச்சரிக்கவே முடியாது என்று டைம்ஸ் பத்திரிகை எழுதியது. ஆங்கிலத்தைத் தவிர வேறு தாய்மொழி இல்லாத ஒருவரைப் பற்றி எழுதியது இது! அடுத்து வரும் நாற்பதாண்டுகளில் அவரைப் பற்றி வந்த விமர்சனங்களை வாசிக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது. விமர்சகர் தன் கண்ணால் கண்டதை எழுதினாரா, வரும்போதே மனத்தில் கொண்டுவந்ததை எழுதினாரா என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.

அதே காலத்தில் சார்ல்ஸ் மாத்யூஸ் என்ற நகைச்சுவை நடிகர் தன் அமெரிக்கப் பயணத்தை ஒருநபர் நிகழ்ச்சியாக நடத்திக் கொண்டிருந்தார். நியூயார்க் கறுப்பின அரங்கில் ஹாம்லெட் வேடமிட்டவர் தனிமொழி பேசிக்கொண்டிருக்க, பார்வையாளர் ஒரு நாட்டுப்பாட்டைக் கேட்டுக் கூச்சலிட, ஹாம்லெட் நாடகத்தை விட்டுவிட்டு அந்தப் பாட்டைப் பாடினார் என்று அதில் ஒரு காட்சி. லண்டன் விழுந்து விழுந்து சிரித்தது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ஆல்ட்ரிட்ஜ் மறுத்தார். ஆனால் ஊர்தோறும் அந்தப் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டார்கள், அவர் பாடினார். பிடிவாதமாக மறுத்திருக்கலாமே என்று இன்று நமக்குத் தோன்றலாம். அவர் செய்ததோ அதைவிடக் கடினமான காரியம். ஒதெல்லோவை முழுதாக நடித்து முடித்து, மக்களைக் கண்கலங்க வைத்துவிட்டு, அதற்குப் பிறகு பாடினார். தன்னைக் கேலி செய்ய உருவான பாட்டைத் தன் நிகழ்ச்சி நிரலில் தான் விரும்பிய இடத்தில் வைத்துக்கொண்டார்.

இந்த உத்தி எப்படி வேலை செய்தது என்பதைப் புரிந்துகொள்ள அக்காலத்து ஊர்சுற்றி நடிகரின் தொழில்முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு நகரத்து அரங்கிலும் நிலையான குழு ஒன்று இருக்கும். பெயர்பெற்ற நடிகர் சில நாள் ஒப்பந்தத்தில் வெளியூரிலிருந்து வருவார். காலையில் ஓர் ஒத்திகை, எங்கே நிற்பது, எப்போது விலகுவது என்று ஏற்பாடு செய்துகொள்வார்கள், இரவு நாடகம். இயாகோவாக நடிப்பவரை அன்று காலையில்தான் முதன்முதலாகப் பார்த்திருப்பார் ஒதெல்லோ. கடைசி இரவு அந்த நடிகருக்கான உதவி நாடகம்; அன்றைய வசூலில் பெரும்பங்கு அவருக்கு. அந்த இரவு நன்றாகப் போனால்தான் அடுத்த ஊருக்குப் போகும் செலவு கையில் மிஞ்சும். ஓர் இரவில் ஒரு நாடகம் மட்டும் போட்டால் யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். பெரிய துயர நாடகம் முடிந்ததும் அதன் பின்னால் ஒரு சிறு கேலி நாடகம் வர வேண்டும்.

ஆல்ட்ரிட்ஜ் அடிக்கடி செய்த ஏற்பாடு இது: முதலில் ஒதெல்லோ அல்லது யங் எழுதிய பழிவாங்கும் நாடகத்தின் ஜாங்கா, பின்னால் 'த பேட்லாக்' என்ற இசை நகைச்சுவை நாடகத்தில் முங்கோ. முங்கோ அடி வாங்கும், குடித்துவிட்டு உளறும், எஜமானைத் திட்டும் ஓர் அடிமை வேலையாள். 1768இல் அந்த நாடகம் அரங்கேறியபோது அதற்கு இசையமைத்த சார்ல்ஸ் டிப்டினே முகத்தில் கரி பூசிக்கொண்டு முங்கோவாக ஆடினார். அதுமுதல் அறுபது ஆண்டுகள் வெள்ளை நடிகர்கள் ஆடித் தேய்த்த கோமாளி வேடம் அது. ஒதெல்லோவாக இறந்த அதே உடல் அரைமணி நேரத்தில் முங்கோவாக எழுந்து வந்து ஆடுவதைப் பார்த்தவர்கள் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டாக வேண்டியிருந்தது: முங்கோ என்பது ஒரு வேடம். கறுப்பினத்தவர் இயல்பிலேயே முங்கோ என்று நம்பி வந்தவருக்கு, சற்று முன்பு மேடையில் நின்ற தளபதி யார் என்ற கேள்வி எழும். துயர நாடகத்தையும் கேலி நாடகத்தையும் ஒரே இரவில் வைத்தது அவர் கண்டுபிடித்ததல்ல; அது அன்றைய வழக்கம். அந்த வழக்கத்தை இவ்வளவு கூர்மையான ஆயுதமாக்கியவர் அவர் என்பதே அவருடைய பெருமை. பல ஊர்களில் கடைசி இரவன்று மேடை முன்னால் வந்து அடிமை முறையைப் பற்றியும் பேசுவார். மக்களைச் சிரிக்கவும் அழவும் வைத்த பிறகு பேசுகிற பேச்சுக்குத் தனி வலிமை உண்டு.

இன்னோர் ஏற்பாட்டையும் அவர் செய்தார். அதைப் பற்றித் தயக்கமின்றி எழுத வேண்டும். சுவரொட்டிகளிலும் பிற்பாடு வெளிவந்த வாழ்க்கைக் குறிப்பு நூலிலும் அவர் செனகல் பகுதி அரசகுலத்தின் வாரிசு என்று விளம்பரம் செய்யப்பட்டது. அது உண்மையல்ல; அவர் நியூயார்க்காரர். ரோமாபுரியின் பழைய நடிகர் ரோசியஸின் பெயரைச் சேர்த்து 'ஆப்பிரிக்க ரோசியஸ்' என்ற பட்டத்தையும் சூடிக்கொண்டார். இதை ஏமாற்று என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அந்தச் சுளிப்பில் உடன்பாடில்லை. வைக்கோல் விற்றவரின் மகன் ஒதெல்லோவாக நடிக்கிறார் என்றால் டிக்கெட் வாங்காத கூட்டம், இளவரசன் நடிக்கிறான் என்றால் வாங்கியது. கண்டிக்க வேண்டியது அந்தக் கூட்டத்தின் பசியைத்தான்.

1820களின் இறுதிக்குள் அவர் தொழிலில் ஊன்றிவிட்டார். 1828இல் கவென்ட்ரி நகர அரங்கின் மேலாளராகவே இருந்தார். 20 வயது கறுப்பின இளைஞர் ஓர் ஆங்கில நகரத்தின் நாடக அரங்கை நடத்தினார் என்பது கோவன்ட் கார்டன் இரவுகளைவிடக் குறைவாகப் பேசப்படுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. 1829இல் பெல்ஃபாஸ்ட்டில் மாபெரும் நடிகர் எட்மண்ட் கீனின் மகன் சார்ல்ஸ் கீன் இவருடைய ஒதெல்லோவுக்கு இயாகோவாக நடித்தார். 1830களின் தொடக்கத்தில் ஆல்ட்ரிட்ஜ் வெள்ளை அரிதாரம் பூசி ஷைலக், மூன்றாம் ரிச்சர்ட் போன்ற வேடங்களை எடுத்துக்கொண்டார். கறுப்புப் பாத்திரங்களின் எண்ணிக்கை குறைவு. ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போகிறவருக்கு அவை போதாது. பிழைப்பின் தேவையில் தொடங்கிய இந்த விரிவுதான் அவரை முழு நடிகராக்கியது.

இவ்வளவுக்கும் பிறகுதான் 1833 வருகிறது. மார்ச் 25 அன்று கோவன்ட் கார்டனில் ஒதெல்லோவாக நடித்துக்கொண்டிருந்த எட்மண்ட் கீன், இயாகோவாக நின்ற தன் மகனின் கைகளில் சரிந்தார். மே 15இல் இறந்தார். காலியான அந்த வேடத்துக்கு மேலாளர் பியர் லபோர்ட் ஆல்ட்ரிட்ஜை அழைத்தார். டெஸ்டிமோனாவாக எலன் ட்ரீ. வெள்ளைப் பெண்ணை ஒரு கறுப்பினத்தவர் மேடையில் தொடுவது நாகரிகத்துக்கு இழுக்கு என்று அத்தினியம் இதழ் எழுதியது. 'ஃபிகாரோ இன் லண்டன்' என்ற வார இதழ் அவரை மேடையிலிருந்து விரட்டுவதையே வேலையாக வைத்துக்கொண்டது. பார்வையாளர்கள் கைதட்டினார்கள், ஆதரித்து எழுதிய பத்திரிகைகளும் இருந்தன. இரண்டாம் இரவோடு எல்லாம் நின்றது.

ஏன் நின்றது? அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. ஏப்ரலில் அது கொதிக்கும் விவாதம். மேற்கிந்தியத் தோட்ட முதலாளிகளின் செல்வாக்கு பத்திரிகைகளில் வேலை செய்தது என்பது ஒரு விளக்கம். அதே வாரங்களில் லண்டனில் விஷக்காய்ச்சல் பரவி அரங்குகள் வெறிச்சோடின என்பதும் உண்மை. மாகாண நடிகர் ஒருவர் கீனின் இடத்துக்கு நேராக வந்து நிற்பதைத் தலைநகரத்து நாடக உலகம் யாராக இருந்தாலும் ரசித்திருக்காது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நிறவெறி முதற்காரணம், அதை மூடி மறைக்க மற்ற இரண்டும் கைகொடுத்தன என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். அவர் உடைந்து போகவில்லை. ஆற்றைக் கடந்து சர்ரே அரங்குக்குப் போய் அங்கே நடித்தார். பிறகு மாகாணங்களுக்கும் அயர்லாந்துக்கும் திரும்பினார். அடுத்த 19 ஆண்டுகள் அங்கேதான்.

அந்த 19 ஆண்டுகளைப் பலரும் இருண்ட காலம்போல ஒரு பத்தியில் தாண்டிவிடுகிறார்கள். பின்னால் பெர்லினும் பீட்டர்ஸ்பர்க்கும் பார்த்து வியந்த நடிப்பு உருவானது அந்தச் சின்ன ஊர்க் கொட்டகைகளில்தான். குழு கிடைக்காத ஊரில் தனியாளாக நின்று காட்சிகள், பாட்டு, சொற்பொழிவு என்று ஓர் இரவை நிரப்பினார். நாடகங்கள் தீர்ந்துபோனபோது தானே உருவாக்கிக் கொண்டார். 'த பிளாக் டாக்டர்' என்ற பிரெஞ்சு நாடகத்தைத் தனக்காகத் தழுவி அமைத்தார். இவற்றில் மிகத் துணிச்சலானது டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ். ஷேக்ஸ்பியரின் அந்த நாடகத்தில் ஏரன் என்ற கறுப்பினப் பாத்திரம் தீமையின் உருவம். நாடகாசிரியர் சி. ஏ. சாமர்செட்டோடு சேர்ந்து ஆல்ட்ரிட்ஜ் அதைத் தலைகீழாக மாற்றினார். வன்புணர்ச்சியும் கைவெட்டும் போயின. வேறொரு நாடகத்தின் காட்சி உள்ளே வந்தது. ஏரன் உயர்ந்த குணமுள்ள நாயகனானான். 1849-50 வாக்கில் உருவான இந்த வடிவத்தை 1857இல் லண்டன் ஹாக்ஸ்டனின் பிரிட்டானியா அரங்கில்கூட நடித்தார். மூலநூலின் புனிதத்தைக் காப்பவர்கள் இதை மன்னிப்பதில்லை. மேடையில் தனக்கு இடமில்லாதபடி எழுதப்பட்ட நாடகத்தில் நடிகர் தானே இடத்தைச் செதுக்கிக்கொண்டார். அதை மன்னிப்பதற்கென்று என்ன இருக்கிறது?

1852 ஜூலையில் ஆங்கில நடிகர்கள் சிலரோடு பிரஸ்ஸல்ஸ் போனார். அந்தக் குழு விரைவில் கலைந்தது. அதன்பின் அவர் கடைப்பிடித்த முறை நாடக வரலாற்றில் தனித்து ஆராயத்தக்கது. அவர் ஆங்கிலத்தில் பேசுவார். மற்றவர்கள் ஜெர்மனிலோ, ஹங்கேரியனிலோ, அந்தந்த ஊர் மொழியிலோ பதில் சொல்வார்கள். எதிரே நிற்பவரின் கடைசிச் சொற்களை ஒலியாகவே மனப்பாடம் செய்து, அதிலிருந்து தன் வசனத்தை எடுக்க வேண்டும். பார்வையாளர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தெரியாது. அவர்கள் கேட்டது குரலின் ஏற்ற இறக்கத்தை, பார்த்தது உடலை. மாகாணக் கொட்டகைகளில் ஒரே ஓர் ஒத்திகையில் அந்நியர்களோடு நாடகம் நடத்திப் பழகியவருக்கு இது கைவராத வித்தை அல்ல. இயாகோவின் ஒவ்வொரு சொல்லும் ஒதெல்லோவின் முகத்தில் என்ன செய்கிறது என்று மொழி தெரியாதவரும் படிக்கும்படி நடித்தார். அவர் பேசும் நேரத்தைவிடக் கேட்கும் நேரத்தில்தான் நடிப்பு நிகழ்ந்தது. அன்றைய ஐரோப்பிய மேடைகளில் நடிகர்கள் தம் வசனம் வரும்வரை சிலையாக நின்று, வந்ததும் முழங்கித் தள்ளியதோடு இதை ஒப்பிட்டால் புதுமை விளங்கும்.

1853இல் பிரஷ்ய மன்னர் நான்காம் ஃபிரடெரிக் வில்லியம் கலை, அறிவியலுக்கான தங்கப் பதக்கம் அளித்தார். 1858இல் சாக்ஸ்-மைனிங்கன் அரசவை விருது தந்தது. வியன்னா, பெஸ்ட், கிராக்கோவ், ஸ்டாக்ஹோம் எல்லாம் வழியில் வந்தன. 1858 நவம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தார்.

அந்தக் குளிர்காலத்தில் பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபில் கோத்தியேவும் அதே நகரில் இருந்தார். அவர் எழுதியது எனக்குக் கிடைத்த சான்றுகளிலேயே மதிப்பு மிக்கது. தன் எதிர்பார்ப்பு பொய்த்ததை நேர்மையாகச் சொல்கிறார். காட்டுத்தனமான, கட்டுக்கடங்காத ஒதெல்லோவைப் பார்க்கப் போனாராம். கண்டதோ அளவறிந்த, நிதானமான, செவ்வியல் மரபில் தேர்ந்த நடிப்பு. இங்கிலாந்தின் நடிகர் மக்ரெடியை நினைவூட்டியது. அதைவிட லியர் மன்னரைத்தான் அவர் பெரிதும் போற்றினார். தோல்நிறப் பொய்த்தலை, நரைத்த முடிக்கற்றைகள், மெழுகால் திருத்திய மூக்கு, அடர்த்தியான அரிதாரம், வெண்தாடி. எண்பது வயதுப் பிரித்தானிய மன்னன் மேடையில் நின்றான். கைகளை மட்டும் நடிகர் வெளுக்காமல் விட்டிருந்ததையும் கோத்தியே கவனித்தார். ஒதெல்லோவில் அவர் தானாக இருந்தார், லியரில் நடிகராக இருந்தார் என்பது அவர் கருத்து.

கோத்தியேயின் இந்தக் கடைசிக் கருத்தோடு நான் மல்லுக்கட்ட விரும்புகிறேன். ஒதெல்லோவில் அவர் தானாக இருந்தாரா? வெனிஸில் கூலிக்குப் போரிடும் மூர் தளபதிக்கும் நியூயார்க் பிரசங்கியின் மகனுக்கும் என்ன உறவு? ஐரோப்பா அவரைக் கொண்டாடியபோதும் இந்தத் தப்பெண்ணம் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. அவர் நடிக்கவில்லை, அவர் ரத்தம் நடிக்கிறது என்பார்கள். லண்டன் இதை வசையாகச் சொன்னது. ஜெர்மனியும் ரஷ்யாவும் புகழாகச் சொன்னன. இரண்டிலும் கலைஞரின் உழைப்பு காணாமல் போகிறது. 1862இல் மாஸ்கோவில் சோகான்ஸ்கயா என்ற பெண் எழுத்தாளர், உண்மையான கறுப்பு உடல் மேடைக்கு வருவதால் ஷேக்ஸ்பியரின் ஆன்மா நசுங்கிவிடுகிறது என்று பத்திரிகையில் எழுதினார். வரலாற்றாசிரியர் பகோதின் ஆல்ட்ரிட்ஜின் பக்கம் நின்று எழுதினார். புகழ்ந்தவர்களும் இகழ்ந்தவர்களும் பல நேரங்களில் ஒரே கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார்கள்.

ஆல்ட்ரிட்ஜோ தன் நிறத்தைத் தெரிந்தே கையாண்டார் என்பதற்கு நல்ல சான்று உண்டு. 1865இல் லண்டன் ஹேமார்க்கெட்டில் டெஸ்டிமோனாவாக நடித்த மேட்ஜ் ராபர்ட்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்: கையைத் தா என்று ஒதெல்லோ கேட்கும் இடத்தில் ஆல்ட்ரிட்ஜ் தன் உள்ளங்கையை அகல விரித்து, அவருடைய சிறிய வெள்ளைக் கையை அதில் வைக்கச் செய்து, அவை சேர்ந்திருப்பதை அரங்கம் முழுக்கக் காணும்வரை நிறுத்திவைப்பாராம். வெள்ளைப் பெண்ணைத் தொடுகிறார் என்று 1833இல் கூச்சலிட்ட நகரத்தில், 32 ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தத் தொடுகையையே காட்சியின் உச்சமாக்கினார். ரத்தம் இப்படித் திட்டமிடாது. லியரின் வெளுக்காத கைகளையும் இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

பீட்டர்ஸ்பர்க்கில் நேர்ந்த ஒரு நட்பைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உக்ரேனியக் கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோ பத்தாண்டு நாடுகடத்தலுக்குப் பின் 1858இல்தான் தலைநகர் திரும்பியிருந்தார். பண்ணையடிமையாகப் பிறந்தவர், ஓர் ஓவியத்தைக் குலுக்கலில் விட்டுத் திரட்டிய 2,500 ரூபிளுக்கு 1838இல் மீட்கப்பட்டவர். கலைக் கழகத் துணைத் தலைவர் ஃபியோதர் தல்ஸ்தோயின் வீட்டில் இருவரும் சந்தித்தார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. வீட்டுச் சிறுமி காத்யா இடையில் நின்று மொழிபெயர்த்தாள். ஆல்ட்ரிட்ஜ் தன் மக்களின் பாடல்களைப் பாட, ஷெவ்சென்கோ உக்ரேனியப் பாடல்களைப் பாடினார். ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிய இன்னும் மூன்றாண்டு இருந்தது. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிய ஏழாண்டு இருந்தது. டிசம்பரில் ஷெவ்சென்கோ தீட்டிய ஆல்ட்ரிட்ஜின் உருவப்படம் இன்றும் இருக்கிறது. ஒப்பனை இல்லாத, சற்றுக் களைத்த நடுவயதுக்காரரின் முகம் அதில் தெரிகிறது.

1861 முதல் ரஷ்யாவின் உள்நாட்டு ஊர்களைச் சுற்றினார். கசான், ஒதெஸ்ஸா, கார்க்கவ், கீவ், ரீபின்ஸ்க் என்று அந்தப் பட்டியல் நீளும். ரயில் எட்டாத இடங்களுக்குக் குதிரை வண்டியிலும் படகிலும் போக வேண்டும். வெளிநாட்டுப் பெருநடிகர் யாரும் எட்டிப் பாராத ஊர்கள் அவை. அங்கே பலர் ஷேக்ஸ்பியரை முதன்முதலாகப் பார்த்தது இவர் வழியாகத்தான். நடிகர்களும் அப்படியே. இதை அவருடைய வாழ்நாளின் மிகப் பெரிய பணி என்று சொல்வேன். பதக்கங்கள் அதற்கு அடுத்தவைதான்.

1863இல் பிரித்தானியக் குடியுரிமை பெற்றார். முதல் மனைவி மார்கரெட் 1864இல் இறந்தார். மறு ஆண்டு அமாண்டா ஃபான் பிராண்ட் என்ற பாடகியை மணந்தார். 1866இல் கான்ஸ்டான்டிநோபிள். 1867 கோடையில் உட்ஜ் நகருக்கு நாடகம் போட வந்து நோயுற்று, ஆகஸ்ட் 7இல் இறந்தார். அவ்வூர் சீர்திருத்தச் சபைக் கல்லறையில் அடக்கம். உள்நாட்டுப் போர் முடிந்த அமெரிக்காவுக்குப் போவதைப் பற்றிய பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. 1824இல் விட்டுப்போன நாட்டில், முதிர்ந்த நடிகராக அவர் ஒருமுறைகூட மேடை ஏறவில்லை.

மகள் அமாண்டா பாடகியானார்; இசையமைத்தார்; குரற்பயிற்சி ஆசிரியராகி 1956வரை வாழ்ந்தார். 1930இல் லண்டனில் ஒதெல்லோவாக நடித்த பால் ராப்சன் அவரிடம் பயின்றவர். கோவன்ட் கார்டனில் அறுந்ததாகச் சொல்லப்படும் இழை அந்த வீட்டில் அறுபடவே இல்லை.

ஆய்வுகளின் நிலை என்ன? 1940இல் செர்கேய் துரீலின் ரஷ்ய மொழியில் ஒரு நூல் எழுதினார். 1958இல் ஹெர்பர்ட் மார்ஷலும் மில்ட்ரெட் ஸ்டாக்கும் எழுதிய ஆங்கில வரலாறு அவரை மீட்டெடுத்தது. அன்றைய காலத்துக்கேற்ப அதில் போராளி ஆல்ட்ரிட்ஜ் மேலோங்கி நிற்கிறார். 2011 முதல் 2015 வரை பெர்ந்த் லிண்ட்ஃபோர்ஸ் நான்கு தொகுதிகளாக எழுதியவை சுவரொட்டி சுவரொட்டியாக, ஊர் ஊராக அவரைப் பின்தொடர்கின்றன. புகழாரத்தைக் குறைத்து நடிகரின் அன்றாடத்தை நமக்குக் காட்டியவர் லிண்ட்ஃபோர்ஸ்தான். ஆனால் பொதுவெளியில் வென்றது பழைய கதையே. 2012இல் லோலிதா சக்ரவர்த்தி எழுதிய 'ரெட் வெல்வெட்' நாடகமும், அது எவ்வளவு சிறந்ததானாலும், 1833இன் அந்த இரவுகளையே மையமாக்கிக் கொண்டது. 2017இல் கவென்ட்ரியில் அவர் மேலாளராக இருந்ததைக் குறிக்கும் பலகை வைக்கப்பட்டது எனக்கு நிறைவளித்த செய்தி.

ஆல்ட்ரிட்ஜின் இடம் மேடை ஏறிய முதல் கறுப்பினத்தவர்கள் பற்றிய அத்தியாயத்தில் மட்டும் இருக்கக் கூடாது. கீன், மக்ரெடி, இத்தாலிய நடிகர் சல்வீனி ஆகியோரைப் பேசும் அத்தியாயத்தில் அவர் இருக்க வேண்டும். மொழி தெரியாதவருக்கும் துயர நாடகத்தைக் கொண்டுசேர்த்த நடிப்பு முறையின் முன்னோடி அவர். நடிப்புக் கலையின் வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்களும் கற்பிக்கிறவர்களும் அவரைப் பற்றி ஒரே ஒரு பக்கம்தான் எழுத முடியும் என்றால், கோவன்ட் கார்டனை விட்டுவிட்டு, ஒதெல்லோவையும் முங்கோவையும் அவர் அடுத்தடுத்து ஆடிய மாகாண இரவுகளைப் பற்றி அந்தப் பக்கத்தை எழுதுங்கள்.